அரைச் சுற்று

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு போல்ட்டை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும், எந்தப் பக்கம் திருப்பினால் தளரும் என்பது இன்றுவரை தெரியாது. குறையாகச் சொல்லவில்லை. போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு அது எதற்கு? நாள் முழுக்க வருகிறவர்கள் போகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்து, "தாடைய லேசா தூக்குங்க, ஆங், அப்படித்தான், ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பவர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அந்த நல்ல வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். எனக்கென்று மிச்சம் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. அதுவும் குறையில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன் சார். கம்பெனியிலிருந்து வண்டியைச் சோதிக்க வந்திருக்கிறீர்கள். பேட்டரியிலிருந்து வரும் எர்த் வயரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டின் முனைகள் மழுங்கிப்போயிருக்கின்றன, இரண்டு மாதம்கூட ஆகாத வண்டியில் இது எப்படி என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இத்தனை பேர் வந்து பார்த்தார்கள், ஒருவர்கூட இவ்வளவு சரியாகக் கேட்கவில்லை. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். போல்ட்டைத் திருகியது நான்தான். முப்பத்தொரு காலை. பத்தாம் நம்பர் ஸ்பேனர், என்னுடைய சொந்த ஸ்பேனர்.

உங்கள் தாளில் கடைசியாக ஒரு பத்தி இருக்கிறதே, எங்கள் வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்தது, அதற்கும் வருவேன். முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். இடையில் எனக்குச் சிரிப்பு வந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாட்களை நினைத்தாலே எனக்கு வந்துவிடுகிறது.

வண்டி வந்த முதல் நான்கு நாள் ஒரு தொல்லையும் இல்லை. கருநீல பைக், உதைக்கிற கம்பி கிடையாது, பட்டனை அமுக்கினால் கிளம்ப வேண்டியது. ஐந்தாம் நாள் காலை பட்டனை அமுக்கினார். ம்ம்ம், ம்ம், ம் என்று, தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆள் முனகுகிற மாதிரி முனகிவிட்டு நின்றுவிட்டது. விளக்கும் மங்கியது. அவர் உள்ளே எட்டிப்பார்த்து, "இங்க வாயேன்" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். தண்ணி கொண்டா, குடை கொண்டா, செருப்ப எங்க வச்சன்னு பாரு, இதெல்லாம் உண்டு. வெறுமனே 'இங்க வாயேன்' என்று அவர் கூப்பிட்டது அன்றைக்குத்தான். கையில் மாவோ சோப்பு நுரையோ எதுவோ இருந்தது, துடைக்காமலே ஓடினேன்.

வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். எழுபத்திநாலாம் பக்கம், 'இன்ஜின் கிளம்பத் தாமதமானால்' என்று ஒரு பட்டியல். நான் படித்தேன், அவர் பதில் சொன்னார்.

"ஸ்டாண்ட மடக்கியாச்சா?"

"மடக்கியாச்சு."

"சிவப்பு சுவிட்சு?"

"ஆன்லதான் இருக்கு."

"கிளட்ச்ச நல்லா பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்மா. இதுக்கு மேல பிடிச்சா கையோட வந்துடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் முற்றத்தில் வண்டிக்கு இரண்டு பக்கமும் குந்திக்கொண்டு சிரிக்கிறோம். அடுத்த வரியில் பேட்டரி இணைப்புகளைப் பார்க்கச் சொல்லியிருந்தது. பக்கத்து மூடியைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். அவருடைய காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் மோட்டார் காயில் சுற்றுகிற பட்டறையில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். தண்ணீர் மோட்டார், கிரைண்டர் மோட்டார், எரிந்துபோனதைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். எங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறதோ அங்கே சூடு இருக்கும். அந்த எர்த் வயர் மேல் விரலை வைத்தேன், சுட்டது. வண்டி வரும்போதே போல்ட்டு சரியாக இறுக்கப்படவில்லை. பத்து விநாடி வேலை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பாவின் மொபெட்டைத் திருட்டுத்தனமாக ஓட்டிக் குளத்துக்குள் விட்ட கதையை ஆரம்பித்துவிட்டார். கதையை நடுவில் வெட்டுவது மரியாதையில்லை. கேட்டுக்கொண்டே வயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். கதை முடிந்தது, அவர் பட்டனை அமுக்கினார், டப்பென்று கிளம்பியது. கூட்டாளியைத் தட்டுகிற மாதிரி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அன்று பட்டறையில் ஒரு காயிலுக்குப் பத்துச் சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டேன். முதலாளி திட்டினார். நான் சிரித்தேன். அவரும் குழம்பிப்போய்ச் சிரித்தார்.

மறுநாள் வெந்நீர் வைக்க எழுந்தவள் ஸ்பேனரை எடுத்துப் போய் அந்தப் போல்ட்டைச் சரியாக இறுக்கினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் வேலையில் நேர்மையானவள். வண்டி தொட்டவுடன் கிளம்பியது. அவர் "வரேன்" என்றார். கேட்டுக்கு வெளியே போய், "கதவ சாத்திக்கோ" என்றார். அவ்வளவுதான் அன்றைக்கு எனக்கு.

அதற்கு அடுத்த காலை அரைச் சுற்று தளர்த்தினேன்.

அரைச் சுற்று என்பது ஒன்றுமே இல்லை சார். வயர் கழன்று விழாது, வண்டி ஓடுகிறபோது நிற்காது. சோதித்துப் பார்த்துத்தான் செய்தேன். பட்டனை அமுக்கினால் முனகும், அவ்வளவுதான். நான் கட்டைவிரலை அழுத்தினால் கிளம்பும். எப்போது கிளம்ப வேண்டும் என்பது என் விரலில் இருந்தது. ஆரம்பத்தில் பத்து நிமிஷம் போதும் என்று நினைத்தேன். அப்புறம் இருபது. காலைச் சாப்பாட்டையே முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் திருப்புளி.

அவருக்குத் தினம் ஒரு யோசனை வரும். பனி இறங்குகிறது என்று வண்டிக்குப் பழைய கம்பளியைப் போர்த்தினார். பெட்ரோலில் கோளாறு என்று பங்க்கை மாற்றினார். ஒருநாள், "இது மேற்க பாத்து நிக்கப் பிடிக்காத வண்டியா இருக்கும்" என்று கிழக்கே திருப்பி நிறுத்தினார். அன்றைக்கு வேண்டுமென்றே முதல் அமுக்கிலேயே கிளம்பவிட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டுமே. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். மறுநாள் கிழக்கே பார்த்தபடியே முனகியது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும், அவர் "இன்ஜினியரம்மா, சிரிக்காம வெளிச்சத்த இப்படிக் காட்டு" என்றதும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

இன்ஜினியரம்மா. அதுதான் என் பெயர் அப்போது. சாயங்காலம் வந்து, "நாளைக்கு ஸ்பார்க் பிளக்க பாத்துடலாமா?" என்று கேட்பார், சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்கிற மாதிரி. நெற்றியில் மாட்டுகிற விளக்கு ஒன்று எனக்கென்று வாங்கி வந்தார். ஒரு காலை அதை மாட்டிக்கொண்டு நின்றேன். இரு என்று சொல்லி உள்ளே போய் காமிராவை எடுத்து வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, "தாடைய லேசா தூக்கு" என்றார். பிறகு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அழகா இருக்க" என்றார். பதினொரு வருஷத்தில் அவர் எடுத்த என் முதல் படம் அது. அன்று பட்டறைக்கு நடந்து போனேனா பறந்து போனேனா என்று எனக்குத் தெரியாது.

ஷோரூமில் கண்ணாடி போட்ட மெக்கானிக் ஒருவர் இருந்தாரே, அவர் நல்ல மனிதர். மூன்று முறை வண்டியைக் கொண்டுபோனோம். கொண்டுபோகிற நாளில் நான் இறுக்கிவைத்துவிடுவேன். அங்கே போனால் வண்டி குழந்தை மாதிரி சமர்த்தாகக் கிளம்பும். "சார், வண்டில ஒண்ணுமே இல்லையே" என்பார். மூன்றாவது முறை பாவம், பேட்டரியையே புதிதாக மாற்றிக் கொடுத்தார். மறுநாள் மறுபடி முனகல். வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தாளுக்கு வேலையே தெரியல. எழுதிப் போட்டாத்தான் சரிப்படும்" என்று கம்பெனிக்கு முதல் கடிதம் எழுதினார். நான்தான் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன்.

அந்த சமயத்தில் அண்ணி எங்களோடு இருந்தார். வீட்டுக்காரரின் அக்கா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் தரை மாற்றுகிறார்கள், தூசி ஆகாது என்று வந்திருந்தார். ஆஸ்துமா உண்டு. முன்னறையில் படுத்துக்கொள்வார், எனக்கு முன்னால் எழுந்துவிடுவார். வாயில் விசில் இல்லாமலே விசில் அடிக்கத் தெரியும் அவருக்கு. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை நான் மூன்று இடத்தில் சொல்லிவிட்டேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

வந்த நாலாம் நாளே பிடித்துவிட்டார். பக்கத்து மூடியைக் கழற்றிவைத்து ஸ்பேனரைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்து நிற்கிறார்.

"காலங்காத்தால என்னம்மா பண்ற?"

மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது உங்களிடம் சொல்கிற மாதிரி. அண்ணி படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் இழுப்பு வந்து, மருந்துக் குழலை இரண்டு தடவை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது.

"அடிப்பாவி. புருஷன்கூட பேசறதுக்கா இவ்ளோ வேலை?"

"வேற வழி தெரியல அண்ணி."

"அவன் சின்ன வயசுலயே அப்படித்தான். எதையாவது பிரிச்சுப் போட்டாத்தான் வாயத் திறப்பான்."

பத்து நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் எங்களோடு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். வீட்டுக்காரர் பட்டனை அமுக்குகிறபோது என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவர் திரும்பினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "வயரிங்குல எலி கிலி இருக்கப் போவுதுடா" என்பார். உடனே அவர் எலியைத் தேடுவார். மூன்று பேருக்கும் திருவிழாதான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, கம்பெனி பதில் போட்டிருக்கிறது, அந்த மெக்கானிக்கை விசாரிக்கப் போகிறார்கள் என்றார்.  அவர் குளிக்கப் போன பிறகு அண்ணி என்னிடம் வந்தார்.

"இதோட நிறுத்திக்கம்மா. உன் விளையாட்டுல இன்னொருத்தர் பொழப்பு போகக் கூடாது."

"சரிங்க அண்ணி."

"ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுல இருப்பான். நீயே சொல்லிடு. சிரிச்சுட்டு விட்டுடுவான். நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

நியாயமான பேச்சு. எனக்கு அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஞாயிறு வரை இரண்டு காலைகள் இருந்தன, வெள்ளி ஒன்று, சனி ஒன்று. இரண்டையும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அரைச் சுற்றுக்குப் பதிலாக ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். அதற்குக் காரணம் அதுதான்.

இப்போது உங்கள் தாளில் இருக்கிற பத்திக்கு வந்துவிட்டோம்.

காலை ஏழு மணி இருக்கும். அண்ணிக்கு இழுப்பு வந்தது. அடிக்கடி வருவதுதான், ஆனால் அன்றைக்கு மருந்துக் குழலுக்கு அடங்கவில்லை. எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டிருந்தார்கள். பலகை மேல் இரண்டு சக்கர வண்டி மட்டும் போகலாம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம், முனை வரைதான் வரும், அதற்கும் அரை மணி ஆகும் என்றார்கள். வண்டியில் போனால் ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். நடுவில் அண்ணியை உட்காரவைத்து நான் பின்னால் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. அண்ணியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படியில் உட்காரவைத்தோம்.

வீட்டுக்காரர் பட்டனை அமுக்கினார். முனகல்கூட இல்லை. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பள்ளத்தில் வண்டியைத் தள்ளிக் கிளப்பவும் முடியாது. பக்கத்து மூடியைக் கழற்றினார்.  டார்ச்சைப் பிடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னன்னு பாரும்மா. நீ சொல்லு, நான் என்ன பண்ணணும்? நீ சொல்லு" என்றார். சார், யாராவது உங்களை அப்படிப் பார்த்திருக்கிறார்களா? உலகத்திலேயே உங்கள் ஒருவரிடம்தான் பதில் இருக்கிற மாதிரி. எனக்குத் தலை லேசாகிவிட்டது. தரையில் கால் பாவவில்லை.

நாலு வீடு தள்ளி இருக்கிற தையல்காரரிடம் ஸ்கூட்டர் உண்டு. அதைக் கேட்டு வாங்கிவர வீட்டுக்காரர் எழுந்து ஓடப் பார்த்தார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இருங்க. இப்போ வந்துடும். நான் இருக்கேன்ல?"

உட்கார்ந்துவிட்டார். "நீ சொன்னா சரி" என்றார். திரும்ப அமுக்கினார். டிக். மறுபடி எழுந்தார். மறுபடி, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றேன். மூன்று முறை அப்படிச் சொன்னேன். மூன்று முறையும் நான் சொன்னதைக் கேட்டார். ஸ்பேனர் என் இடுப்பில்தான் இருந்தது. கட்டைவிரல் அந்த வயர் மேலேயேதான் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தேன்.

அண்ணிக்குப் பேச முடியவில்லை. கையைத் தூக்கி, ஒரு விரலை நீட்டி, என் கை இருந்த இடத்தைக் காட்டினார். வீட்டுக்காரர் பதறிப்போய், "அக்கா என்னமோ கேக்கறா" என்றார். "தண்ணி கேக்கறாங்க" என்று சொல்லி உள்ளே போய் எடுத்துவந்தேன். நல்ல டம்ளரில்தான் எடுத்துவந்தேன். அண்ணி குடிக்கவில்லை. டம்ளரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது. முதலில் நான் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்காரர் அழுதுகொண்டே கடைசியாக ஒருதரம் பட்டனை அமுக்கினார். அப்போது அழுத்திப் பிடித்தேன். தொட்டவுடன் கிளம்பியது.

உங்கள் முகம் மாறுகிறது. நீங்கள் கேட்கப் போவது தெரியும். ஞாயிற்றுக்கிழமை மனதில் இருந்ததா என்பீர்கள். சத்தியமாக இல்லை. அதற்கு இன்னும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததே, அதற்குள் அதை யார் நினைப்பார்கள்? அண்ணி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இன்னும் ஒரு நிமிஷம் என்று நினைத்தேன், பிறகு இன்னும் ஒரு நிமிஷம். சந்தோஷமாக இருக்கும்போது நேரம் போவது தெரிவதில்லை. மறைக்க வேண்டும் என்றிருந்தால் அந்த மழுங்கிய போல்ட்டை மாற்றிப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். அந்தக் கண்ணாடிக்கார மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்களாமே, அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். செய்யாத தப்புக்கு ஒருவர் தண்டனை அனுபவிப்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால்தான் நீங்கள் கேட்டவுடன் சொன்னேன்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் இப்போது ஸ்டூடியோவுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் போகிறார். காலை முழுக்க என்னோடு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது, அக்காவின் டிக்கெட் பையில் கைவிட்டு அடி வாங்கியது, எல்லாம் சொல்கிறார். "அன்னிக்கு நீ மட்டும் பக்கத்துல இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். நான் பட்டறைக்கு விடுப்பு சொல்லியிருக்கிறேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், இங்கேயா? சரி. கீழே தெளிவாகவே எழுதிவிடுகிறேன்: வண்டியைக் கிளம்பவிடாமல் வைத்தது நான், அவரை ஸ்கூட்டருக்குப் போகவிடாமல் பிடித்தது நான், அண்ணி இறந்தது என் கையால். போதுமா?

போலீசுக்கு நீங்கள் போன் செய்யுங்கள், நான் எங்கேயும் போகமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர் ஆறு மணிக்கு வருவார், அவரிடம் யாரும் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. நானே உட்காரவைத்து, ஒவ்வொன்றாக, ஒரு சுற்று விடாமல் சொல்லப்போகிறேன். அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன், அவர் மறுபடி கேட்பார். எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள்.